"ப்ளாக் எழுதுறேன்" என்று சொன்னால் என்ன பதில் வருகிறது? உங்கள் அனுபவங்கள்

நானே தொடங்குகிறேன். ஒரு விசேஷ வீட்டில் பெரியப்பா கேட்டார், "ஆபீஸ் போக மிச்ச நேரத்துல என்னப்பா பண்றே?"

"ப்ளாக் பண்றேன் பெரியப்பா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "யாரை? பேசித் தீர்த்துக்கக் கூடாதா?"

அவருக்குத் தெரிந்த ஒரே பிளாக் வாட்ஸாப்பில் இருப்பது. பக்கத்தில் இருந்த பேத்தி, "வ்லாக் தாத்தா" என்று திருத்திவிட்டு என்னிடம் சேனல் பெயர் கேட்டாள். வீடியோ இல்லை, வெறும் எழுத்துதான் என்றதும் அவளும் போனுக்குத் திரும்பிவிட்டாள்.

விடாமல் விளக்கினேன். ஜோர்ன் பார்கர் என்பவர் 1997 டிசம்பரில், இணையத்தில் தான் படித்தவற்றைக் குறித்து வைத்த பக்கத்துக்கு 'வெப்லாக்' என்று பெயர் வைத்தார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டாக 'வீ ப்ளாக்' (நாங்கள் ப்ளாக் செய்கிறோம்) என்று பிரிக்க, வால் மட்டும் நிலைத்துவிட்டது. லாக் என்றால் கப்பலில் அன்றாடம் எழுதும் குறிப்பேடு.

"அப்போ டைரி. டைரியை எதுக்குப்பா ஊருக்குக் காட்டுறே?"

நியாயமான கேள்வி. இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

* * *

எனக்கு எப்போதும் ஒரே கேள்விதான்: "எவ்வளவு வருது?" ஒன்பது வருஷமாக எழுதுகிறேன். விளம்பரத்தில் வருவது டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயரைப் புதுப்பிக்கவே பற்றாது. உண்மையைச் சொன்னால் "அப்புறம் எதுக்கு?" என்பார்கள். சாயங்காலம் ஷட்டில் ஆடுகிறவரை யாராவது இப்படிக் கேட்கிறார்களா? மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2004இலேயே 'ப்ளாக்'கை ஆண்டின் சொல்லாக அறிவித்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

* * *

என் கதை கொஞ்சம் வேறு. நான் எழுதியது பெரும்பாலும் கவிதை. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர் வந்தால் அதிகம், அதில் இரண்டு பேர் நண்பர்கள். ஒருநாள் கோபத்தில், வெறும் தாளையே தள்ளும் என் பிரிண்டரைப் பற்றி ஒரு இடுகை போட்டேன். கார்ட்ரிட்ஜ் அடியில் காய்ந்துபோன மையை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்த கதை, படங்களோடு. இன்றுவரை ஆள் வருவது அதற்குத்தான்.

புதியது மேலே, பழையது அடியில் என்பது வலைப்பதிவின் அடுக்கு. தேடுபொறியில் வருகிறவர்களோ அடியிலிருந்துதான் உருவுகிறார்கள். நடுராத்திரியில் ஒருவர், "காலையில் கேள்வித்தாள் கொடுக்கணும், காப்பாத்தினீங்க" என்று பின்னூட்டம் போட்டிருந்தார். எந்தக் கவிதைக்கும் அப்படி வந்ததில்லை. (கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன்.)

போன மாதம் இன்னொருவர், படங்கள் தெரியவில்லை என்று எழுதினார். படம் ஏற்றியிருந்த தளம் மூடிவிட்டதாம். பிரிண்டரைத் தெரிந்தவருக்குக் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. சரி என்று அவர் வீட்டுக்கே போய், மூடியைத் திறந்து, மறுபடி ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். அவருடைய அம்மா எட்டிப் பார்த்து, "சர்வீஸ் பண்ண வந்தீங்களாப்பா?" என்றார்.

ஆமாம்மா என்றேன்.