மறு: ஃப்ளோர் பிளானுக்குத் தமிழில் என்ன?

அன்பு நண்பர்களுக்கு,

வீட்டின் அறைகளைக் காட்டும் 'ஃப்ளோர் பிளான்' படத்துக்கு நல்ல தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடல் இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். திருச்சிக்குப் பக்கத்தில் முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், பகலெல்லாம் அங்கேதான். நீங்கள் பெயர் தேடிக்கொண்டிருக்கும் சாமான் என் சட்டைப்பையில் நாலாக மடித்தபடி, சிமென்ட் கறையோடு இருக்கிறது. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இதுவரை வந்தவை: தளப்படம், தரைப்படம், மேல்தோற்றம், மனைவரைபடம், மனைவகுப்பு. "பிளான் என்றே விட்டுவிடலாமே, மேஸ்திரிக்குப் புரிகிறதே" என்பதையும் சேர்த்தால் ஆறு. அதிகம் பேர் தளப்படத்துக்குக் கை தூக்கியிருக்கிறீர்கள். முதலில் அதைத்தான் தடுக்கப் பார்க்கிறேன்.

உங்கள் கணக்கு புரிகிறது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளைப் பற்றிப் பேசும்போது தளப்பரப்பு, தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) என்கிறோம். தரைத்தளம், முதல் தளம் என்று லிஃப்டில்கூட ஒட்டியிருக்கிறது. அதே வரிசையில் தளப்படம் வந்தால் ஒழுங்காக இருக்கும் என்பது காகிதத்தளவில் சரி. ஆனால் கட்டுகிற இடத்தில் 'தளம்' என்றால் தலைக்கு மேலே போடுகிற கான்கிரீட். "தளம் எப்போ போடுறீங்க?" என்று பக்கத்து மனைக்காரர் கேட்டால், அன்றைக்குக் கலவை மிஷின் வரும், இருபது பேர் வருவார்கள், மதியம் சாப்பாடு போட வேண்டும் என்று அர்த்தம்.

முந்தாநாள் உங்கள் உற்சாகம் என்னையும் தொற்றிக்கொண்டு, தாளின் தலைப்பில் 'தளப்படம்' என்று பேனாவில் எழுதி மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: "கம்பி எங்க சார்?" எத்தனை எம்எம் கம்பி, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று காட்டுகிற படத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார். தப்பு அவர்மேல் இல்லை. வேலை செய்கிறவர் வாயில் ஏற்கெனவே கெட்டியாக உட்கார்ந்திருக்கும் சொல்லைப் பிடுங்கி வேறு பொருள் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

தரைப்படம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரை என்றால் டைல்ஸ்காரர் வந்து நிற்பார். மனைவரைபடமும் உதவாது. மனையில் வீடு எங்கே உட்கார்கிறது, நாலு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று காட்டும் படத்துக்குத்தான் அது பொருந்தும். தவிர, வரைபடம் என்ற சொல் களைத்துப்போய்விட்டது. கணக்கில் அதுதான் கோட்டுப்படம், புவியியலில் அதுதான் தேசப்படம், செய்தித்தாளில் அதுதான் கட்டட அனுமதிக்குக் கொடுப்பது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் (படம் விதிப்படி இருக்கிறது என்று நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்குவது; 2,500 சதுர அடி வரையான மனை, 3,500 சதுர அடி வரையான வீடு) நம்மைப் போன்றவர்களே இணையத்தில் படத்தை ஏற்றுகிறோம். அந்த ஒரே தாளில் மனை இருக்கும், அறைகள் இருக்கும், முகப்பு இருக்கும், வீட்டை நெட்டாக அறுத்துக் காட்டும் வெட்டு இருக்கும். நாலையும் வரைபடம் என்றால் எதைத் திருத்தச் சொல்கிறார்கள் என்றே தெரியாது.

மேல்தோற்றத்தைத் தள்ளிவிடுவதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது, அதைக் காட்டிக் கொடுத்தது என் அம்மா.

படம் வந்த அன்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மேலேருந்து பாக்குற மாதிரின்னு சொல்ற. மேலேருந்து பாத்தா மொட்டைமாடிதானேடா தெரியணும்? ஜன்னல் எப்படித் தெரியுது?" கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "படிக்கட்டு ஏன் பாதியில நிக்குது?"

இரண்டும் அபாரமான கேள்விகள். வீட்டைத் தரையிலிருந்து ஏறத்தாழ நாலு அடி உயரத்தில், அதாவது 1.2 மீட்டரில், கத்தி வைத்த மாதிரி படுக்கையாக வெட்டி, மேல்பாதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தைக் குனிந்து பார்ப்பதுதான் இந்தப் படம். கத்தி ஜன்னலைக் கடந்து போவதால் ஜன்னல் தெரிகிறது. வெட்டுப்பட்ட சுவர்கள் தடித்த கோட்டில் வருகின்றன. படிக்கட்டு கத்திக்குக் கீழே இருக்கிற வரைக்கும் வரும், மேலே ஏறும் இடத்தில் ஒரு சாய்கோடு போட்டு நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கு நான் அஞ்சறைப்பெட்டியை எடுத்துக் காட்டினேன். மூடியைத் திறந்து பார், கடுகு ஓர் அறை, மிளகு ஓர் அறை, இப்படித்தான் என்றேன். (பெயரிலேயே அறை இருக்கிறது பாருங்கள்.) "மூடியோட சேத்துப் பக்கத்தையும் பாதி அறுத்துட்டா உன் படம்" என்று அவளே முடித்தாள்.

ஆக இது தோற்றம் இல்லை, வெட்டு. மேல்தோற்றம் என்றால் கூரையும் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும்.

இதை வெறும் சொற்சண்டை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நஷ்டக் கணக்கு. கத்திக்கு மேலே இருப்பவற்றை, பரண், உயரத்தில் வைக்கிற காற்றுப்போக்கி (வென்டிலேட்டர்), உத்தரம் இவற்றை, விட்டு விட்டுப் போடும் கோட்டில் காட்டுவார்கள். எங்கள் குளியலறைக் காற்றுப்போக்கி ஏழடி உயரத்தில். படத்தில் விடுகோடு. கட்டியவருக்கு அது அழிக்க மறந்த பழைய கோடாகத் தெரிந்திருக்கிறது; சுவரை முழுசாகக் கட்டிவிட்டார். மறுநாள் உளி வைத்து உடைத்தோம். அரை நாள் கூலி, அம்பது செங்கல், அப்புறம் என் மனைவியின் பேச்சு தனி. இது வெட்டு என்பது பெயரிலேயே தெரிந்திருந்தால் 'இந்தக் கோடு வெட்டுக்கு மேலே' என்று ஒரு வார்த்தை எழுதியிருப்போம்.

சரி, என் கட்சி என்ன?

கிடைப்படம். நான் ஆக்கியது இல்லை. இலங்கையில் தமிழ்வழியில் கணக்கு படித்தவர்கள் இந்தக் குழுவிலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். ஒரு திண்மத்தை (கன உருவத்தை) கொடுத்து அதன் கிடைப்படமும் நிலைப்படமும் வரையச் சொல்லும் கேள்வி உங்களுக்குப் பள்ளியிலேயே வந்திருக்கும். மேலேயிருந்து குனிந்து பார்ப்பது கிடைப்படம், நேரே நின்று பார்ப்பது நிலைப்படம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் அளவுகோல் வைத்து வரைந்துகொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் நாம் புதுச்சொல் பட்டறை போட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கே இது நேற்று இரவுதான் உறைத்தது. யாழ்ப்பாணத்து நண்பர் வேறு இழையில் போகிற போக்கில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான்.

சொல் சின்னது. எதோடும் ஒட்டுகிறது: தரைத்தளக் கிடைப்படம், மாடிக் கிடைப்படம், மின்கம்பிக் கிடைப்படம், குழாய்க் கிடைப்படம். நம் பாடநூல்களில் கிடைமட்டம் இருக்கிறது, அதனால் பொருளும் பிடிபடும். வெட்டு என்பது சொல்லுக்குள் இல்லையே என்று கேட்பீர்கள். ஆமாம், இல்லை. கிடைவெட்டுப் படம் என்றால் இன்னும் துல்லியம்தான். ஆனால் அதைப் பொறியாளர் தவிர யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். விளக்கத்தில் எழுதிவிடலாம், சொல்லில் திணிக்க வேண்டாம். அரிசியில் கல் பொறுக்குவது போல எல்லாப் பொருளையும் ஒரு சொல்லுக்குள் தேடிக்கொண்டிருந்தால் உலை காய்ந்துவிடும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். 'கிடை' என்றால் ஆட்டுக்கிடை நினைவுக்கு வரும். வரட்டும், அதுவும் நிலத்தில் ஓர் இடத்தை வளைத்துத் தங்குவதுதான். 'கிடையாய்க் கிடக்கிறார்' என்று நோயாளியைச் சொல்வோம், புதுவீட்டுக்கு அது அபசகுனம் என்று எங்கள் மாமா சொல்லக்கூடும். அவர் பத்தடி வைக்கலாம், பதினோரடி வைக்கலாம், பன்னிரண்டு மட்டும் ஆகவே ஆகாது என்று மனையடி சாஸ்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் படுக்கையறையில் ஓரடி குறைத்தவர். (அதில் ஒரு நன்மை. மனையடிக்கு உள்ளளவுதான் கணக்கு. பொறியாளர் சுவர் நடுவிலிருந்து சுவர் நடுவுக்கு அளவு போட்டிருந்தார். மாமா புண்ணியத்தில் எல்லா அறைக்கும் உள்ளளவு தனியாக எழுதி வாங்கினோம்.)

உண்மையான சிக்கல் நிலைப்படத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தச்சருக்கு 'நிலை' என்றால் வாசல்நிலை. நிலைப்படம் கொடுங்கள் என்றால் வேங்கையா தேக்கா, எத்தனைக்கு எத்தனை சட்டம் என்று கேட்பார். முகப்புப் படம் என்று இங்கே சொல்லலாமா என்பதை வேறு இழையில் பேசுவோம்.

இப்போது மனைவகுப்பு. அதை முன்வைத்த ஐயா சங்கப் பாட்டான நெடுநல்வாடையைக் காட்டியிருந்தார், "நூலறி புலவர் நுண்ணிதின் கயிறு இட்டு" என்று தொடங்கி "மனை வகுத்து" என்று வரும் இடம். நல்ல மேற்கோள், அதைவிட நல்ல வேலைக் குறிப்பு. நடுப்பகலில் இரண்டு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை பிடிக்கிறார்கள், கயிறு போடுகிறார்கள், வகுக்கிறார்கள். காகிதம் கிடையாது. தரையில் போட்ட கயிறே படம்.

எங்கள் மனையிலும் அதுதான் நடந்தது. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முந்தின நாள் மேஸ்திரி முளை அடித்து, நூல் கட்டி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, நூலோரமாகச் சுண்ணாம்புத் தூளைக் கோலம் போடுவது போல உதறிக்கொண்டே போனார். ஒரு மணி நேரத்தில் முழு வீடும் மண்ணில் வெள்ளைக் கோடாகக் கிடந்தது. காகிதத்தைப் பார்த்து இரண்டு மாதம் தலையாட்டிய அம்மா, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டுக்குள் இறங்கினாள். வாசல் வழியாகத்தான் போனாள், சுவரை மிதிக்கவில்லை. எட்டுக்குப் பத்து அடுக்களையில் நின்று கையை விரித்தாள். "கிரைண்டர் இங்க வச்சா ஃபிரிட்ஜ் கதவு எப்படித் திறக்கும்?" அஞ்சு நிமிஷத்தில் அடுக்களை வாசல் கிழக்கிலிருந்து தெற்குக்கு மாறியது, கூடத்திலிருந்து இரண்டடி அடுக்களைக்குப் போனது. பொறியாளர் தாளில் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

அம்மா செய்ததுதான் வகுத்தல். இங்கே இரண்டு பொருள் இருக்கிறது, ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. ஒன்று படம், வெட்டிப் பார்த்து வரைந்த தாள். இன்னொன்று எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை, எதற்கு எவ்வளவு இடம் என்ற ஏற்பாடு. "அந்த வீட்டு பிளானே சரியில்லை, கூடத்தைத் தாண்டித்தான் குளிக்கப் போகணும்" என்று சொல்லும்போது யாரும் தாளைக் குறை சொல்வதில்லை. முன்கட்டு, இரண்டாங்கட்டு, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம் என்று இருந்த வீடுகளுக்கும், நடுவே முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டுக்கும் படமே வரையாமல் இந்த ஏற்பாடு இருந்திருக்கிறது.

தாளுக்குக் கிடைப்படம். ஏற்பாட்டுக்கு அறையமைப்பு அல்லது வீட்டமைப்பு. 'வீட்டமைப்பு நல்லா இருக்கு' என்று ஏற்கெனவே எல்லோரும் சொல்வதுதான். செய்வதை அறை வகுத்தல் என்று வினையாக வைத்துக்கொள்ளலாம், நெடுநல்வாடையும் அதில் வந்துவிடும். மனைவகுப்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம், இன்றைக்கு மனை என்றால் காலி இடம். வயலைக் கூறுபோட்டு விற்பதை மனைப்பிரிவு என்கிறோம். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் பத்திரம் எழுதுகிறவரே குழம்புவார்.

'பிளான் என்றே விடலாம்' என்றவருக்கு: விடலாம், பேச்சில் நானும் அதைத்தான் சொல்கிறேன். புதுத் தாளில் கிடைப்படம் என்று எழுதிக் கொடுத்தபோது மேஸ்திரி, "பிளான்தானே சார்?" என்று கேட்டார், ஆமாம் என்றேன். கம்பியை மட்டும் தேடவில்லை. எனக்கு அது போதும்.

நடுவில் ஒருவர், வீட்டுக்குள் புழங்கக் கிடைக்கும் இடத்தைக் குறிக்கும் கார்பெட் ஏரியாவுக்குக் கம்பளப் பரப்பு என்று எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். புழங்கு பரப்பு என்று எழுதிப் பாருங்கள். 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி வெளிச்சுவர் அதில் வராது, பால்கனி வராது, ஆனால் அறைகளுக்கு நடுவே இருக்கும் உள்சுவர் வரும். சுவருக்குள் யார் புழங்குகிறார்கள் என்று நீங்கள் மடக்கலாம். நாலரை அங்குலச் சுவர்தானே, பொறுத்துக்கொள்ளலாம்.

விக்சனரியில் (இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் அகராதி) கிடைப்படம் பதிவில் நான் கை வைப்பதற்கு முன்னால் இலங்கை நண்பர்கள் ஒன்று சொல்ல வேண்டும். வெட்டுக்கு மேலே இருப்பதைக் காட்டும் அந்த விட்டு விட்டுப் போகும் கோட்டுக்கு உங்கள் வகுப்பில் என்ன பெயர்? முறிகோடா, குற்றிட்ட கோடா, புள்ளிக்கோடா? மாடிக்கு அடுத்த வாரம் செங்கல் வைக்கிறோம், அங்கேயும் ஒரு காற்றுப்போக்கி இருக்கிறது.