மூன்றாம் நாள் தட்டில் விழுந்த சுருக்கம்

பிறைவாசி:

பினாங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில், நுண்ணுயிரியல் பிரிவில் வேலை செய்கிறேன். கிருமியை நேருக்கு நேர் சந்தித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது 2017 நவம்பர். அந்த மாதத் தொடக்கத்தில் வந்த வெள்ளத்தைப் பினாங்குக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்து, வீட்டுச் சேற்றையெல்லாம் வாரிக் கொட்டி முடித்த சமயம் அது.

ஒரு நாள் காலை பசியாறிவிட்டு உள்ளே நுழைகிறேன், ரத்தக் கல்ச்சர் இயந்திரம் கத்திக்கொண்டிருக்கிறது. காய்ச்சலோடு வார்டில் கிடந்த ஓர் ஐயாவின் ரத்தம் ஊற்றிய போத்தலுக்குள் ஏதோ கிருமி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் பூசி, கிராம் சாயம் போட்டேன். ஊதா, அயோடின், ஆல்கஹால், கடைசியில் சிவப்பு. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறையிலிருந்து வந்ததுதான் இது. எத்தனை புதுக் கருவி வந்தாலும் எங்களுக்கு முதல் பதில் இதிலிருந்துதான் கிடைக்கிறது. சுவர் தடித்த கிருமி ஊதாவை விடாது. சுவர் மெலிந்தது ஆல்கஹாலில் ஊதாவை இழந்து, அப்புறம் சிவப்பை ஏற்கும்.

லென்சில் தெரிந்தவை சிவப்புக் குச்சிகள். சிலவற்றில் இரண்டு முனையிலும் சாயம் ஏறி, நடுப்பகுதி வெளுத்து, மூடிய ஊக்குபோல இருந்தன. சிவப்பை ஏற்றதால் 'கிராம் நெகட்டிவ் குச்சி' என்று வார்டுக்குச் சொல்லிவிட்டு, கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டுகளான ரத்த அகரிலும் மெக்கான்கி அகரிலும் தேய்த்து வைத்தேன்.

மறுநாள் தட்டில் குண்டூசி முனை அளவு காலனிகள், அதாவது கிருமி பெருகிய புள்ளிகள். பார்த்தால் ஒன்றும் தோன்றாது. சூடோமோனாஸ் வகையில் ஏதோ ஒன்று, வெளியிலிருந்து கலந்திருக்கும் என்று எழுதத்தான் போனேன். எங்கள் பிரிவின் மூத்த அக்கா பரிசோதனைப் படிவத்தை எடுத்துப் படித்தார். கீழே தாதி ஒரு வரி எழுதியிருந்தார்: இனிப்புநீர் (நீரிழிவு), காய்கறித் தோட்டம், வெள்ளத்துக்குப் பின் காய்ச்சல்.

"தட்டைத் தூக்கிப் போட்டுடாதே. மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்க்காதே. பாதுகாப்புக் கூண்டுக்குள்ள கொண்டு போ" என்றார்.

முகர்வதைப் பற்றி அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தக் கிருமி தட்டில் மண் வாசனை வீசும் என்பார்கள். ஆனால் மண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் அது, தோல் வெடிப்பு வழியாக மட்டுமல்ல, மூச்சு வழியாகவும் உள்ளே போகும்.

கூண்டுக்குள் வைத்து, கிருமியின் ஒரு நொதியைக் காட்டும் ஆக்சிடேஸ் சோதனை பார்த்தோம். காகிதத்தில் தேய்த்த இடம் சில நொடியில் கருநீலமானது. அப்புறம் தட்டில் ஆன்டிபயாட்டிக் ஏற்றிய மருந்து வட்டுகள் மூன்று. ஜென்டாமைசினைச் சுற்றிக் கிருமி தாராளமாக வளர்ந்திருந்தது. கொலிஸ்டினைச் சுற்றியும் அப்படித்தான். மூன்றாவதான கோ-அமாக்சிக்லேவைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். மூன்றாம் நாள் காலனிகள் உலர்ந்து, வற்றல்போலச் சுருங்கியிருந்தன. புர்கோல்டேரியா சூடோமல்லை. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். தானியங்கிக் கருவி இதை வேறொரு புர்கோல்டேரியா என்று காட்டுவதும் உண்டு என்பதால், மரபணுவைப் பார்க்கும் பிசிஆர் உறுதிக்கு அனுப்பினோம்.

மருத்துவர் அதற்குக் காத்திருக்கவில்லை. அக்கா ஃபோனில் சந்தேகத்தைச் சொன்ன அன்றே செஃப்ட்ரியாக்ஸோனை நிறுத்திவிட்டு செஃப்டாசிடிமுக்கு மாறினார். பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், இந்தக் கிருமிக்கு முதலாவது சரியான மருந்து அல்ல. அந்த ஐயா பிழைத்து, மாத்திரையோடு வீட்டுக்குப் போனார்.

இந்த நோயை முதலில் கண்டு எழுதியவர்கள் ரங்கூனில் இருந்த விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும். 1911-இல் பார்த்து 1912-இல் வெளியிட்டார்கள். நம் காதுக்குப் பழகிய அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. மெலியாய்டோசிஸ் என்று பெயர் வைத்தவர்கள் நம் கோலாலம்பூரில் இருந்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும். 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் 1913-இல் ஆய்வு விலங்குகள் நோயில் விழ, அதைத் தொடர்ந்து போனவர்கள் 1921-இல் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக நம் மண்ணிலேயே இருக்கும் கிருமி. ஆனாலும் டெங்கி தெரிந்த அளவுக்கு இதன் பெயர் நம் மக்களுக்குத் தெரியவில்லையே என்பது என் ஆதங்கம்.

செந்தூல் மகள்:

படித்ததும் கை நடுங்கியது. என் அப்பாவுக்கு இதேதான். இரண்டு மாதமாக இருமல், எடை குறைந்துகொண்டே வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் என்றே நினைத்தார்கள். சளியில் காசநோய்க் கிருமி கிடைக்கவில்லை. அப்புறம் ஓர் இளம் மருத்துவர் கட்டிலில் உட்கார்ந்து, "ஐயா, ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்றீங்க?" என்று கேட்டார். ஃபிளாட்டுக்குப் பின்னால் கீரை போடுவதை அப்பா அப்போதுதான் சொன்னார். காலணி போட்டதே கிடையாது, குதிகாலில் வெடிப்பு வேறு. அதுவரை நாங்கள் யாரும் அதை ஒரு விஷயமாகச் சொல்லவே இல்லை.

கல்ச்சரில் மெலியாய்டோசிஸ் வந்தது. ஊசி மருந்து இரண்டு வாரத்துக்கு மேல். பிறகு மூன்று மாதம் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை. ஒரு மாதத்திலேயே நன்றாகிவிட்டது என்று அப்பா மாத்திரையை விடப் பார்த்தார். விட்டால் மறுபடி கிளம்பும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், நான் தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் எண்ணி வைப்பேன். இப்போதும் கீரை போடுகிறார், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு.

ஆயர் ஈத்தாம் அம்மா:

எங்கள் வீட்டில் நடந்தது வேறு ரகம். மகன் பிறந்தநாளுக்கு முதல் நாள் மாலையே சோறு வடித்து, பெரிய குண்டானில் அப்படியே மேசைமேல் வைத்துவிட்டேன். காலையில் நன்றாக வறுத்து நாசி கோரெங். சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்குள் ஒன்பது பேருக்கு வாந்தி. காய்ச்சல் யாருக்கும் இல்லை.

கிளினிக்கில் என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, சோறு எப்போது வடித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஆன்டிபயாட்டிக் தரவில்லை, உப்பு-சர்க்கரை நீர்தான். எனக்குக் கோபம். அப்புறம் விளக்கினார்கள். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, சோறு கொதிக்கும்போது சாகாது. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி, சோற்றிலேயே நச்சைக் கக்கி வைத்துவிடும். அந்த நச்சு வாணலிச் சூட்டுக்கும் அசையாது. வாந்தி எடுக்க வைத்தது அந்த நச்சு என்பதால், கிருமியைக் கொல்லும் மருந்து அங்கே உதவாது. நான் அவ்வளவு நேரம் கிண்டி வறுத்தும் பயனில்லாமல் போனது அதனால்தான். இப்போது மீந்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆற வைத்து, உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

பிறைவாசி:

அம்மா, அந்த நேரக் கணக்கை நீங்கள் சரியாகச் சொன்னதே பாதி கண்டுபிடிப்பு. ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, காய்ச்சல் இல்லை என்றால், சாப்பாட்டில் ஏற்கெனவே இருந்த நச்சு என்றுதான் முதலில் நினைப்போம். ஸ்டெஃபிலோகாக்கஸ் நச்சும் இதே மாதிரி வரும், அதுவும் சூட்டுக்கு எளிதில் அழியாது. மீந்த உணவை யாராவது கொண்டுவந்தால் ரத்த அகரில் போட்டுப் பார்ப்போம். பேசிலஸ் என்றால் அரைத்த கண்ணாடிபோல் மங்கலான பெரிய காலனி, சுற்றிலும் ரத்தம் கரைந்த வெளிச்ச வட்டம். மிச்சத்தைக் குப்பையில் போடாமல் மூடிக் குளிர்பெட்டியில் வைத்திருங்கள்.

தங்கச்சி, அப்பாவை உருக்கியதிலும் நச்சுக்குப் பங்கு இருந்திருக்கலாம். புர்கோல்டேரியாவின் ஒரு கொடிய நச்சு வேலை செய்யும் விதத்தை 2011-இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தாரும் நம் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வெளியிட்டார்கள். நம் செல்லுக்குள் புரதம் தயாராகும் இடத்தில் ஒரு துணைப் புரதத்தைச் சிறிதாக மாற்றிவிட்டு, மொத்தத் தயாரிப்பையும் அது நிறுத்திவிடுகிறது.

சரவாக்கில் சொந்தம் உள்ளவர்களுக்கு ஒன்று. அங்கே ஜென்டாமைசினுக்கு அடங்கும் வகையும் இருக்கிறது. நான் சொன்ன மூன்று வட்டுக் கணக்கு அங்கே ஏமாற்றிவிடும், இந்தக் கிருமியைப் பிரித்தெடுக்கவே ஜென்டாமைசின் கலந்து செய்யும் ஆஷ்டவுன் அகரிலும் அது வளராமல் போகும். அதனால் அங்கே காய்ச்சலோடு போகிறவர்கள் ஆற்றில் இறங்கினது, வயலில் நின்றது எதையும் விடாமல் படிவத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மேசையில் உட்கார்ந்திருக்கிற எங்கள் கைக்கு வந்து சேர்வது அந்த வரிதான்.