‘குட்டி முதலாளி’க்கு மாற்றாகக் ‘கைமுதலாளர்’: ஒரு முன்மொழிவும் ஒரு மறுப்பும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கடைக்காரர்களையும் கைவினைஞர்களையும் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதும்போது எழுந்த சிக்கலைச் சென்ற வாரம் இங்கே வைத்திருந்தேன். பிரெஞ்சில் ‘பெத்தீத் பூர்ஷ்வாசி’ எனப்படும் அந்தக் கூட்டத்தாரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. நண்பர்கள் ‘குட்டி முதலாளி’, ‘சிறுகுறு வணிகர்’, ‘கீழ் நடுத்தர வர்க்கம்’ என்று மூன்று சொற்களைத் தந்தார்கள். மூன்றையும் கட்டுரையில் பொருத்திப் பார்த்த பிறகு நான்காவதாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘குட்டி முதலாளி’ என்பது மாஸ்கோவிலிருந்து வந்த மொழிபெயர்ப்புகளின் வழியாகப் பரவி, மேடைகளில் ஏறக்குறைய வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஒருவருக்குக் ‘குட்டி முதலாளித்துவ மனப்பான்மை’ இருக்கிறது என்றால், அவர் என்ன தொழில் செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஊசலாடுகிறவர் என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். இந்தச் சொல்லைக் கொண்டு சமூக வரலாறு எழுதினால், ஆளை அடையாளம் காட்டும் முன்பே தீர்ப்பை எழுதிவிட்டதாக ஆகும். இன்னோர் இடர்ப்பாடு எங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரம் விற்பவரையும், தெருமுனையில் ஒற்றை பெஞ்சு போட்டுத் தேநீர் ஆற்றுபவரையும், வேலைக்கு நிற்கும் பையன் ‘முதலாளி’ என்றே கூப்பிடுகிறான். சொந்தக் கல்லாப்பெட்டி இருந்தால் முதலாளி. அவருடைய மகன் ‘சின்ன முதலாளி’. ஆகவே இடதுசாரி நூல்களைப் படித்திராத ஒருவருக்குக் ‘குட்டி முதலாளி’ என்றால், பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவில் உட்காரும் சிறுவன்தான் நினைவுக்கு வருவான்.

‘சிறுகுறு வணிகர்’ என்பதை விரைவாகவே விலக்கிவிடலாம். அரசுத் தாள்களில் அது நிறுவனங்களின் அளவைக் குறிக்கிறது. காவிரிப் படுகையிலோ ‘சிறுகுறு’ என்ற அடைமொழியை விவசாயி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார். வட்டாட்சியர் அலுவலகத்தில் சிறுகுறு விவசாயி சான்றுக்கு வரிசையில் நின்றவர்களிடம் போய், இது கடைக்காரரைக் குறிக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவதாக வந்த ‘கீழ் நடுத்தர வர்க்கம்’ என்பதில்தான் உண்மையான விவாதம் இருக்கிறது. பிழையான சொல் என்று அதைச் சொல்ல மாட்டேன், அகலமான சொல். வட்டாட்சியர் அலுவலக எழுத்தரும், தொடக்கப்பள்ளி ஆசிரியரும், ரயில்வே புக்கிங் கிளார்க்கும், மளிகைக் கடைக்காரரும், நகைப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியும் அதற்குள் அடங்கிவிடுகிறார்கள். இவர்களின் வீடுகள் ஒரே தெருவில் இருக்கலாம், வருமானமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கலாம். ஆனால் எழுத்தருக்கு மாதக் கடைசி உண்டு, கடைக்காரருக்கு அது இல்லை. எழுத்தர் மாற்றலாகிப் போவார். கடைக்காரர் கடையை விட்டு எங்கும் போக முடியாது. ஜெர்மானியர்கள் இந்த வேறுபாட்டைத் நடுத்தட்டைக் குறிக்கும் தங்கள் ‘மிட்டெல்ஷ்டாண்ட்’ என்ற சொல்லுக்குள்ளேயே பிரித்துக் காட்டினார்கள்: கடைக்காரரும் கைவினை ஆசானும் பழைய மிட்டெல்ஷ்டாண்ட், சம்பளத்துக்கு எழுதுகோல் பிடித்தவர்கள் புதிய மிட்டெல்ஷ்டாண்ட். பழையதை மட்டும் சுட்டுவதற்கே நமக்குச் சொல் வேண்டும். (இன்றைய உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை இரு தரப்பாரிடமும் ஒரே ‘தொழில் வரி’யைத்தான் வாங்குகின்றன. வரித்துறைக்கு இந்த நுட்பம் தேவையில்லை போலும்.)

வரி என்றதும் சோழர் கால ஆவணங்கள் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் தறிக்குத் தறியிறை, செக்குக்குச் செக்கிறை, கடைக்கு அங்காடிப்பாட்டம், தட்டாருக்குத் தட்டாரப்பாட்டம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனி வரி காணப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது கம்மாளர் குடியிருப்பான கம்மாணச்சேரியைத் தனியே குறிக்கின்றன. இப்படித் தொழில்தோறும் பெயர் இருந்ததே தவிர, இவர்கள் அனைவரையும் சேர்த்துச் சொல்ல அந்த வரிகளில் பொதுப்பெயர் ஒன்றும் இல்லை. பிரான்சில் 1791இல் தொழிற்கழகங்கள் எனப்பட்ட கைவினைச் சங்கங்களின் தனியுரிமையை நீக்கி, ‘பத்தாந்த்’ என்ற உரிம வரியைச் செலுத்தும் எவரும் எந்தத் தொழிலையும் நடத்தலாம் என்று சட்டம் செய்தபோது, ரொட்டி சுடுபவரும் பூட்டுச் செய்பவரும் முதல்முறையாக ஒரே பட்டியலில் வந்து நின்றார்கள். தங்களை ஒரு கூட்டமாக எண்ணிக்கொள்ள அவர்களுக்கு அதன்பிறகும் நெடுங்காலம் பிடித்தது.

பெரிய வணிகருக்கும் இவர்களுக்கும் இடையிலான கோடு நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை, ‘பெருங்குடி வாணிகர் மாட மறு’கைப் பட்டினப்பாக்கத்தில் வைக்கிறது. கஞ்சகாரர், செம்பு செய்குநர், மரங்கொல் தச்சர், பிட்டு வாணிகர் முதலானோரை மருவூர்ப்பாக்கத்தில் அடுக்கி, ‘சிறுகுறுங் கைவினைப் பிறர்வினையாளர்’ என்று அந்த வரிசையை முடிக்கிறது. புகாரின் இரண்டு பாக்கங்களும் செல்வத்தின் அளவால் மட்டும் வேறுபடவில்லை. மருவூர்ப்பாக்கத்தின் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வருவது கை.

நான் முன்மொழிவது ‘கைமுதலாளர்’.

‘கைமுதல்’ புதிய சொல் அன்று. கடை வைக்கப் போகிறவரிடம் பெரியவர்கள் முதலில் கேட்பதே ‘கைமுதல் எவ்வளவு இருக்கிறது?’ என்பதுதான். கடனாக வாங்கியது போக, தன்னுடையது என்று போடும் பணம் அது. ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்ற குறளில் (449) ‘முதல்’ இதே பொருளில் நிற்கிறது. அதற்கு முன்னால் வரும் ‘கை’ இரண்டு வேலை செய்கிறது: முதல் கைக்குள் அடங்கும் அளவினது என்கிறது, அதை வைத்திருப்பவர் தம் கையாலும் உழைக்கிறார் என்கிறது. கைவினை, கைத்தறி, கைமாற்று, கையிருப்பு என்று அந்த வாழ்க்கையின் சொற்களெல்லாம் ஏற்கெனவே கையைச் சுற்றித்தான் இருக்கின்றன.

மார்க்சும் ஏங்கெல்சும் 1848இல் இவர்கள் தொழிலாளி வர்க்கத்துக்குள் அமிழ்ந்துபோவார்கள் என்று எழுதியபோது இரண்டு காரணங்கள் சொன்னார்கள். பெருந்தொழிலின் அளவுக்கு இவர்களின் சிறு முதல் போதாது. புதிய உற்பத்தி முறைகளின் முன்னே இவர்களின் தனித்திறன் மதிப்பிழந்துவிடும். முதலும் கைத்திறனும் ஆகிய அந்த இரண்டும் ‘கைமுதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அமிழ்ந்துபோனார்களா என்பது வேறு கதை. அதன்பின் நூறாண்டுக்கும் மேல் கழிந்து, 1953இல் பிரான்சின் சேன்-சேரே என்ற சிற்றூரில் பூஜாத் என்ற காகிதக் கடைக்காரர் வரி ஆய்வாளர்களுக்கு எதிராகத் தொடங்கிய இயக்கம், 1956 தேர்தலில் நாடாளுமன்றத்தில் 50க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. இவர்களைக் ‘குட்டி’ என்று அழைத்துக்கொண்டு அந்த நிகழ்ச்சியை விளக்க முடியாது.

இந்தச் சொல் நம் படுகைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்தேன். மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ ஒரு மளிகைக் கடைக்காரரின் கைமுதலில் பெரும்பகுதி, எந்த நேரத்திலும் அவர் கையில் இருப்பதில்லை. பற்று நோட்டில் இருக்கிறது. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் திறந்து குறுவை நன்றாக வந்தால் ஒரு பகுதி திரும்பும், சம்பா அறுவடை முடிந்து தை மாசியில் மீதி வரும். அணை திறக்காத ஆண்டில் உழவர் நட்டமடைவதை எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த நட்டம் பற்று நோட்டின் வழியே கடைக்குள் நுழைந்து, கடைக்காரரைத் தண்டல்காரரிடம் கொண்டுபோய் நிறுத்துவதை யாரும் எழுதுவதில்லை. ஐரோப்பியத் தொழிலாளர் தெருக்களின் கடைக்காரர்களும் இப்படித்தான் வேலையில்லாக் காலத்தில் கடன் கொடுத்துத் தெருவோடு சேர்ந்து நின்றார்கள், சேர்ந்து விழுந்தார்கள்.

சொல் தளர்கிற இடங்களையும் சொல்லிவிட வேண்டும். களத்துமேட்டில் ‘சுதந்திரம்’ என்று நெல் அளந்து வாங்கிய ஊர்த் தச்சரும் கொல்லரும் கைமுதலாளர் ஆக மாட்டார்கள். அவர்களுக்குச் சந்தை இல்லை, ஊர்தான் இருந்தது. கடினமானது நெசவாளரின் நிலை. திருபுவனத்தில் தறி சொந்தமாக இருந்தும், பட்டும் சரிகையும் வேறொருவர் தர, கூலிக்கு நெய்பவர் யார்? லியோன் நகரப் பட்டு நெசவாளர்களிடமும் இதே சிக்கல் இருந்தது. அங்கே பட்டறை ஆசானுக்குத் தறிகள் உண்டு, அவற்றில் நெய்யக் கூலியாட்களும் உண்டு, ஆனால் பட்டு வணிகருடையது. 1831இல் இரு தரப்புப் பிரதிநிதிகளும் ஒத்துக்கொண்ட குறைந்தபட்சக் கூலிப் பட்டியலை வணிகர்கள் பலர் ஏற்க மறுத்தபோது ஆசானும் கூலியாளும் ஒன்றாகவே தெருவில் இறங்கினார்கள். எனவே பாதி கைமுதல் உடையவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்லால் முன்கூட்டித் தீர்க்க முடியாது. அவரையும் கைமுதலாளர் என்றே வைத்துக்கொண்டு, ‘கூலிக்கு நெய்யும்’ என்ற அடையைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து,
கட்டுரையாளன்

*

மறுமொழி (திருவாரூரிலிருந்து)

ஐயா, வணக்கம்.

சொல் நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் சொல்லும் கைமுதல் பெரும்பாலான கடைகளில் யாருடைய கையிலிருந்து வந்தது? என் தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குப் போய் வந்த கணக்கைக் கொண்டே எங்கள் கடையின் வரலாற்றை எழுதிவிடலாம். மதியம் அப்பா சாப்பிடப் போகும்போது கல்லாவில் உட்கார்ந்தவரும், இரவில் பொட்டலம் மடித்தவரும் அவர்தான். பலகையில் அவர் பெயர் இல்லை. ‘கைமுதலாளர்’ என்று எழுதினால் படிப்பவர் பலகையில் பெயர் உள்ளவரைத்தான் நினைப்பார். ‘கைமுதற்குடி’ என்று குடும்பத்தையே அலகாகக் கொண்டால் என்ன?

*

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

தாங்கள் சொல்வது சரி. என் வரைவில் அது விடுபட்டிருந்தது. பாரிஸ் கடைகளிலும் கணக்கு மேசையில் பெரும்பாலும் மனைவியே அமர்ந்திருந்தார் என்பதைப் படித்திருந்தும், சொல்லை ஆக்கும்போது அதை மறந்துவிட்டேன்.

ஆனால் ‘குடி’யை ஏற்கத் தயங்குகிறேன். நம் பக்கத்துக் கிராமங்களில் ‘குடிமக்கள்’ என்றால் இன்னும் நாவிதரையும் வண்ணாரையும் குறிப்பவர்கள் இருக்கிறார்கள். கோயில் நிலக் குத்தகையில் ‘குடி’ வேறு பொருள் தருகிறது. களத்துமேட்டு உறவிலிருந்து பிரித்துக் காட்டத்தான் இந்தச் சொல்லையே தேடினோம். ஆகவே வகுப்பைச் சொல்லும்போது ‘கைமுதலாளர்’ என்றும், உழைப்பையும் முதலையும் கணக்கிடும் இடங்களில் ‘கைமுதல் குடும்பம்’ என்றும் எழுதுகிறேன். கட்டுரையின் இரண்டாம் பகுதியை இன்றிரவு அந்த வகையில் திருத்தத் தொடங்குகிறேன். ‘கடைக்காரர் தம் சேமிப்பைக் கொண்டு’ என்று பதினொரு இடங்களில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அது யாருடைய சேமிப்பு என்று பார்க்க வேண்டும்.