ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் யூஎஸ்பி கட் ஆகுது: 3018 மெஷின், உதவி வேணும்

மரத்தூள்_அம்பத்தூர்:
வணக்கம். 3018 மெஷின் (மரம் செதுக்குற சின்ன சிஎன்சி), ஜிஆர்பிஎல் 1.1 (மெஷினை ஓட்டுற புரோகிராம்) போர்டு, அதுல யூஎஸ்பிக்கு சிஎச்340 சிப். ஸ்பிண்டில் (வெட்டுற பிட்டைச் சுத்துறது) 775 மோட்டார். கூட வந்த அடாப்டருக்குப் பதிலா 24 வோல்ட் 10 ஆம்ப் தகரப்பெட்டி எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போட்டிருக்கு. விண்டோஸ் 10 லேப்டாப், மெஷினுக்கு ஃபைல் அனுப்ப கேண்டில் சாஃப்ட்வேர். 6 எம்எம் எம்டிஎஃப்ல பெயர்ப்பலகை வெட்டும்போது 5 நிமிஷத்துலயோ 20 நிமிஷத்துலயோ லேப்டாப் 'டுடுங்'னு சத்தம் போடுது, போர்ட் காணாமப் போயிடுது. மெஷின் நின்னுடுது, ஸ்பிண்டில் மட்டும் அதே இடத்துல சுத்தி மரத்தைக் கருக்குது. டிரைவர் மறுபடி போட்டாச்சு. கேபிளும் மாத்தியாச்சு, 3 மீட்டர். போர்டு போயிடுச்சா? புதுசு வாங்கணுமா?

ஜீரோ_பாயிண்ட்:
போர்டு வாங்காதீங்க. அதே ஃபைலை மூணு தடவை காத்துல (பிட் மரத்தைத் தொடாம) ஓட்டுங்க, தடவைக்கு அரை மணி நேரம். முதல்ல ஸ்பிண்டில் ஒயரைக் கழட்டிட்டு. அடுத்து ஸ்பிண்டில் ஓட. மூணாவது வேக்குவம் கிளீனரும் சேர்ந்து ஓட. எதுல விழுதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

கேண்டில்ல கன்சோலையும் (போர்டோட பதில் வரிகள் வர்ற இடம்) பாருங்க. 'டுடுங்' இல்லாமலே 'ஜிஆர்பிஎல் 1.1' வரவேற்பு வரி மறுபடி வந்தா போர்டு ரீசெட் ஆகுது, அது பவர் பிரச்சினை. சத்தத்தோட போர்ட் மறைஞ்சா யூஎஸ்பி இணைப்பே அறுபடுது. நீங்க சொல்றது ரெண்டாவது.

கிண்டி_கட்டர்:
பவர் பிளான்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை ஆஃப் பண்ணுங்க. டிவைஸ் மேனேஜர்ல ரூட் ஹப்போட பவர் மேனேஜ்மென்ட் டிக்கையும் எடுத்துடுங்க. பல பேருக்கு இதுதான் காரணம்.

ஜீரோ_பாயிண்ட்:
செஞ்சு வைக்கட்டும், காசா பணமா. ஆனா சஸ்பெண்ட் சும்மா கிடக்கிற போர்ட்டைத்தான் தூங்க வைக்கும். ஜி-கோட் (மெஷினுக்கான கட்டளை வரிகள்) போய்க்கிட்டே இருக்கிற போர்ட்டை நடுவுல அது அறுக்காது.

மரத்தூள்_அம்பத்தூர்:
ஓட்டிப் பார்த்தேன். ஸ்பிண்டில் கழட்டி 40 நிமிஷம், ஒண்ணும் ஆகலை. ஸ்பிண்டில் ஓட விட்டா 25 நிமிஷத்துல ரெண்டு தடவை போச்சு, அதுல ஒண்ணு எம்3 (ஸ்பிண்டிலை ஓட்டுற கட்டளை) கொடுத்த நொடியிலயே. வேக்குவம் இன்னும் சேர்க்கலை. இன்னொண்ணு, சம்பந்தம் இருக்கான்னு தெரியலை: வெறுங்காலோட நின்னு பெட் போல்ட்டைத் தொட்டா லேசா சுர்ருனு இருக்கு.

பழைய_லேத்:
சம்பந்தம் இருக்கா சார்? அதுதான் முக்கால்வாசி பிரச்சினையே! மெயின்ஸ் பிளக்கைக் கழட்டிட்டு எஸ்எம்பிஎஸ் டெர்மினலைப் பாருங்க. எல், என் ரெண்டுலயும் ஒயர் இருக்கும், பக்கத்து எர்த் ஸ்க்ரூ காலியா இருக்கும். உள்ளே இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியா கொஞ்சம் கரன்ட் தகரப்பெட்டிக்குக் கசியும். எர்த் இருந்தா அதுல போயிடும். இல்லேன்னா பெட்டியும் ஃபிரேமும் பாதி மெயின்ஸ் வோல்டேஜ்ல மிதக்கும், கசிவு யூஎஸ்பி கிரவுண்ட் வழியா லேப்டாப்புக்குள்ள இறங்கப் பார்க்கும். மேல ஸ்பிண்டில் பிரஷ் பொறி வேற சேர்ந்தா யூஎஸ்பி சிப் கையைத் தூக்கிடும்.

மூணு கோர் ஒயர், மூணு பின் பிளக் போடுங்க. அதுக்கு முன்னாடி சுவர் சாக்கெட்ல எர்த் நிஜமாவே இருக்கான்னு மல்டிமீட்டர்ல பாருங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஏறக்குறைய 230 வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்குள்ள. பழைய வீடுகள்ல மூணு ஓட்டை இருக்கும், மூணாவதுக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. அப்படின்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. நியூட்ரலை எர்த் பின்னோட இணைக்கிற குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். நியூட்ரல் எங்கயாவது விட்டுப்போனா மெஷின் முழுக்க 230 ஏறிடும்.

எஸ்எம்பிஎஸ் எர்த் ஸ்க்ரூவுல இருந்து ஃபிரேமுக்குத் தனியா ஒரு ஒயர் இழுங்க. அலுமினிய புரொஃபைல்ல அனோடைஸ் பூச்சு இருக்கு, அது கரன்ட் விடாது. சுரண்டிட்டு, பல் வாஷர் போட்டு முறுக்குங்க.

ஜீரோ_பாயிண்ட்:
கூடவே மோட்டாரையும் அடக்கணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல 104 டிஸ்க் கெப்பாசிட்டர்னு கேளுங்க, 0.1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட், மூணு போதும். ஒண்ணு ரெண்டு டெர்மினலுக்கும் குறுக்கே. மத்த ரெண்டும் ஒவ்வொரு டெர்மினல்ல இருந்து மோட்டார் உடம்புக்கு. உடம்பை உப்புத்தாள்ல தேய்ச்சுட்டு 60 வாட் அயர்ன்ல வையுங்க. 25 வாட்ல ஈயம் உருண்டை பிடிக்கும், ஒட்டாது. கால்களைக் குட்டையா வெட்டி ஸ்லீவ் போடுங்க. பெரிய எலக்ட்ரோலைட்டிக் போட்டா இன்னும் நல்லதுன்னு நினைக்காதீங்க. வேகம் பிடபிள்யூஎம்ல (கரன்டை வேகமா ஆன் ஆஃப் பண்ணி) ஓடுது, பெரிய கெப்பாசிட்டர் அதைப் பண்ற மாஸ்ஃபெட்டை எரிச்சுடும்.

ஸ்பிண்டில் ஒயர் ரெண்டையும் முறுக்கி விடுங்க. 3 மீட்டர் கேபிளைத் தூக்கிப் போட்டுட்டு ஷீல்டு உள்ள ஒண்ணரை மீட்டர் கேபிள் வாங்குங்க. போர்டு பக்க முனையில ஃபெரைட் கிளிப் (மின் இரைச்சலை அடக்குறது), அதுக்குள்ள ரெண்டு சுத்து. ஸ்பிண்டில் ஒயரோட சேர்த்து டை கட்டாதீங்க, தாண்டியே ஆகணும்னா குறுக்கா தாண்டுங்க.

கிண்டி_கட்டர்:
வேக்குவம் குழாய்ல ஸ்டேட்டிக்கும் சேருமே?

பழைய_லேத்:
நம்ம ஊர் புழுக்கத்துல அவ்வளவா சேராது. ஏசி ரூம்ல ஓட்டினா குழாயைச் சுத்தி வெறும் செம்பு ஒயர் சுத்தி எர்த்ல கொடுக்கலாம். அதைவிட வேக்குவம் மோட்டாரும் பிரஷ் மோட்டார்தான். லேப்டாப் சார்ஜர் இருக்கிற அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல குத்தாதீங்க.

மரத்தூள்_அம்பத்தூர்:
எர்த் ஸ்க்ரூ காலியாத்தான் இருந்துச்சு. போல்ட்டுக்கும் சாக்கெட் எர்த்துக்கும் நடுவுல 92 வோல்ட் ஏசி காட்டுச்சு, மூணு கோர் போட்டதும் 0.3. சுர்ருங்கறது போயிடுச்சு. ஆனா எம்3 கொடுக்கிறப்போ ஒரு தடவை விழுந்துச்சு. அப்புறம் கெப்பாசிட்டர், புது கேபிள், ஃபெரைட். வேக்குவத்தோட ரெண்டரை மணி நேரம் ஓடிடுச்சு, விழலை. யூஎஸ்பி ஐசொலேட்டரும் (மெஷினையும் லேப்டாப்பையும் மின்சாரத்துல பிரிக்கிறது) வாங்கணுமா? பாதியில நின்ன பலகையைக் காப்பாத்த வழி இருக்கா?

ஜீரோ_பாயிண்ட்:
ஐசொலேட்டர் இப்போ வேண்டாம். பலகையை எடுக்கலைன்னா வழி இருக்கு. மறுபடி கனெக்ட் பண்ணும்போது போர்டு ரீசெட் ஆகும், லிமிட் ஸ்விட்ச் இல்லாத மெஷின்ல நின்ன இடமே பூஜ்யம் ஆயிடும். ஜி54 (போர்டுல சேமிச்ச வேலைப் பூஜ்யம்) பழசாவே இருக்கும், அதை நம்பி ஓட்டினா வேற இடத்துல இறங்கும். முதல்ல பிட்டைத் தூக்கி, பலகையோட பழைய பூஜ்யப் புள்ளியில வச்சு எக்ஸ், ஒய், இசட் மூணையும் புதுசா பூஜ்யமாக்குங்க. அப்புறம் ஃபைல்ல நின்ன வரிக்கு முன்னாடி, பிட் மேல தூக்கி இருக்கிற ஒரு வரியைத் தேடி அங்கிருந்து தொடங்குங்க. தலையில ஜி21 (எம்எம் அளவு), ஜி90 (பூஜ்யத்துல இருந்து அளக்கிறது), எம்3, எஸ் (ஸ்பிண்டில் வேகம்), எஃப் (நகரும் வேகம்) எழுத மறக்காதீங்க. இனிமே அடிப்பலகை மூலையில 1 எம்எம் துளை ஒண்ணு போட்டு அதையே பூஜ்யமா வையுங்க.

பழைய_லேத்:
ஸ்பிண்டில் சுத்திக்கிட்டே நின்னா எம்டிஎஃப் தீப்பிடிக்கும் சார். 24 வோல்ட் லைன்ல ஒரு எமர்ஜென்சி ஸ்விட்ச் போட்டு கைக்கெட்டுற இடத்துல வையுங்க.