கல்துப்பாக்கி: அசலா, திருப்பி மாற்றியதா?

துருக்காதலன்:
லாக்கில் (சுடும் பொறியில்) 'டவர்' என்று பொறித்த ஃபிளிண்ட்லாக் மஸ்கெட் (கல் உரசித் தீப்பொறியால் சுடும் பழைய நீளத் துப்பாக்கி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. குழல் நல்ல பழுப்பேறியது. ஃப்ரிஸன் (கல் மோதும் எஃகுத் தகடு) மட்டும் பளபளக்கிறது. பெர்கஷனாக (கல்லுக்குப் பதில் வெடிக்கும் சிறு தொப்பியால் சுடும் முறைக்கு) மாற்றிய துப்பாக்கியை மறுபடி கல்துப்பாக்கியாக்கி விற்பார்களாமே, எப்படிக் கண்டுபிடிப்பது? லாக்கைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதித்துவிட்டார்.

ஹாஃப்காக்:
சம்மதித்தாரே, பாதி வேலை முடிந்தது. ஆனால் முதலில் உள்ளே வெடிமருந்து இருக்கிறதா பாருங்கள். கழியை அடிவரை விட்டு, குழல்வாய் மட்டத்தில் குறி போட்டு, வெளியே எடுத்து, குறி குழல்வாயோடு சேரும்படி குழலை ஒட்டி வையுங்கள். நுனி தீத்துளை (மருந்துக்குத் தீ போகும் சிறு துளை) வரை வரவேண்டும். ஓரிரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றால் குண்டு கிடக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்த கன்ஸ்மித்திடம் விட்டுவிடுங்கள்.

காலி என்றால் காக்கை (கல்லைப் பிடிக்கும் சுத்தியலை) பாதி ஏற்றி, எதிர்ப்பக்க ஸ்க்ரூ இரண்டையும் நாலைந்து சுற்றுத் தளர்த்தி, அவற்றின் தலையில் மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். லாக் நேராக வெளியே வரும். நெம்பினால் கட்டை பிளந்து சில்லு பெயரும்.

பெர்கஷனுக்கு மாற்றும்போது மருந்துக் கிண்ணம், ஃப்ரிஸன், அதன் ஸ்பிரிங் எல்லாம் போய்விடும், ஓட்டைகளை அடைப்பார்கள். வெளியே எவ்வளவு மெருகேற்றினாலும் லாக் தகட்டின் உள்பக்கத்தை யாரும் அவ்வளவு கவனிப்பதில்லை. அடைத்த ஓட்டையின் வட்டம், எதற்கும் பயன்படாத கூடுதல் ஓட்டை, வெல்டிங் தடம் எல்லாம் அங்கேதான் தெரியும்.

அடுத்தது தீத்துளை. பெர்கஷன் டிரம் (தொப்பி வைக்கும் முனையைத் தாங்கும் சிறு உருளை) திருகிய ஓட்டை பெரியது. அதை அடைத்து நடுவே சின்னத் துளை போட்டிருப்பார்கள். எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டால் அடைப்பின் விளிம்பு தெரியும்.

நேவி36:
ஒரு திருத்தம். வட்டம் தெரிந்தாலே போலி இல்லை. சுட்டுச் சுட்டு அகன்ற துளைக்கு அந்தக் காலத்திலேயே புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோக வளையம்) போட்டார்கள்; உயர்ரக வேட்டைத் துப்பாக்கிகளில் தங்கம், பிளாட்டினம் புஷ் செய்யும்போதே வைத்தது. அரிப்பை ஒப்பிடுங்கள்: துளையைச் சுற்றிக் குழல் குழிகுழியாக இருந்து, கிண்ணம் மட்டும் வழவழவென்று இருந்தால் இரண்டும் சேர்ந்து வாழ்ந்தவை இல்லை. ஃப்ரிஸன் மட்டும் மாறியிருந்தால் நான் பெரிதுபடுத்தமாட்டேன். கல் பட்டுத் தேய்வதே அதுதான்.

மெருகு புதுப்பித்ததா என்று பார்க்க லூப்பில் (உருப்பெருக்கியில்) மூன்று இடம் போதும். துருக்குழியின் அடியிலும் புளூயிங் (இரும்பின் நீலக்கருப்பு மெருகு) இருக்கிறதா, ஸ்க்ரூ ஓட்டை ஓரம் தட்டுபோலச் சரிந்திருக்கிறதா, எழுத்து ஒருபக்கம் மங்கியிருக்கிறதா. மூன்றுமே பஃப் போட்டு (சுழல் சக்கரத்தில் தேய்த்து) மெருகேற்றியதன் தடம். கட்டை இரும்பைவிடத் தாழ்ந்திருந்தால் உப்புத்தாள் தேய்த்தது.

குறிபார்ப்பான்:
தேதியையும் முத்திரையையும் விட்டுவிட்டீர்கள். மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் 1871இல்தான் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பொறித்திருந்தாலோ, விக்டோரியா இறந்த 1901க்குப் பிந்தைய ஆண்டுடன் 'விஆர்' (விக்டோரியா ராணியின் முத்திரை) இருந்தாலோ கைபர் கணவாய்ப் பட்டறைச் சரக்காக (கையால் செய்த நகலாக) இருக்கலாம். 'என்' (N) எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருப்பது அவர்கள் சரக்கில் அடிக்கடி காணக்கூடியது.

கோல்ட் 1851 நேவி ரிவால்வர் என்றால் ஃபிரேம், குழல், டிரிகர் கார்டு, பேக்ஸ்ட்ராப் நான்கிலும் ஒரே எண் வேண்டும். இத்தாலிய நகல்களில் நட்சத்திரத்துக்குக் கீழே 'பிஎன்' முத்திரை இருக்கும். ஏமாற்றுபவர் அதை அரத்தால் எடுத்துவிடுவார். குழலின் தட்டைப் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அரம் போட்ட இடத்தில் ஒளி கசியும்.

துருக்காதலன்:
கிண்ணத்துக்குக் கீழே, தகட்டின் உள்பக்கம், அடைத்த வட்டம் இரண்டு இருக்கிறது. துளையைச் சுற்றி அரிப்பு, கிண்ணத்தில் ஒன்றுமில்லை.

ஹாஃப்காக்:
திருப்பி மாற்றியதுதான். வாங்குவதானால் 'ரீகன்வர்ட் செய்தது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள், விலையும் அதற்கேற்ப.