லாட்ஜ் ஷவரில் லெஜியோனெல்லா, அவசரம்

மாட்டுத்தாவணி_லாட்ஜ்: லெஜியோனெல்லா, அந்த நிமோனியா கிருமி, பாசிட்டிவ்னு ரிப்போர்ட் வந்திருச்சு. டேங்க்ல பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு. வேற என்ன செய்யணும்? முகூர்த்த நாள் வருது, ரூம் எல்லாம் புக் ஆயிருச்சு.

வைகைக்கரை: எந்தத் தண்ணி? எந்தக் குழாய்ல எடுத்த சாம்பிள்? லிட்டருக்கு எத்தனை சி.எஃப்.யூ., அதாவது உயிருள்ள கிருமி எண்ணிக்கை?

மண்பானை: எல்லாம் ஏ.சி.யால வர்றது. முதல்ல அதை நிறுத்துங்க.

குழாய்மேஸ்திரி: ஸ்பிளிட் ஏ.சி.யா இருந்தா அதுல கிருமி வளர்ற தண்ணி கூலிங் டவரே கிடையாதேண்ணே.

மாட்டுத்தாவணி_லாட்ஜ்: சோலார் ஹீட்டர் தண்ணி, 500 லிட்டர். சாம்பிள் மூணாவது மாடி ஷவர்ல. லிட்டருக்கு 2,400 சி.எஃப்.யூ.

பழையகை: தம்பி, இது இங்க பத்துத் தடவை பேசின விஷயம், தேடிப் பார்க்கலாம்ல? குடிச்சா வர்றதில்ல, ஷவர் சாரலை மூச்சுல இழுத்தா வரும். மாடி டேங்க்ல போட்ட பவுடர் சுடுதண்ணிக்குப் போறதுக்குள்ள பாதி செத்துரும்.

குழாய்மேஸ்திரி: சோலார்ல எத்தனை டிகிரி? வெயில் இல்லாத நாள் 40லயே நிக்கும், கிருமிக்கு அதுதான் தோது. எப்பவும் 60 இருக்கணும். வெயில் இல்லாதப்ப சூடாக்குற கரண்ட் பேக்கப் காயிலைக் கழட்டிப் பாருங்க, நம்ம போர் தண்ணிக்கு உப்பு அப்பியிருக்கும். 70க்கு ஏத்தி, ஒவ்வொரு குழாய்லயும் 60க்குக் குறையாம அஞ்சு நிமிஷம் விடுங்க. ஆள் இருக்கும்போது வேண்டாம், தோல் வெந்துரும். லைன் சந்தன கலர் சி.பி.வி.சி., சூடு தாங்குற பிளாஸ்டிக் குழாய்தானே? வெள்ளை யூ.பி.வி.சி.ன்னா தொய்ஞ்சிரும்.

வைகைக்கரை: வெள்ளைன்னா குளோரின்தான் வழி. 50 பி.பி.எம்.க்கு (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) 500 லிட்டருக்கு 10 சதவீத ஹைப்போ (குளோரின் திரவம்) கால் லிட்டர். வாசனை வர்ற வரைக்கும் எல்லாக் குழாயையும் திறந்து, மூடி ஒரு மணி நேரம் வைங்க. அப்புறம் நல்லா அலசணும்.

பழையகை: பி.எச். 8க்கு மேல போனா உங்க குளோரின் தூங்கும். பார்த்தீங்களா?

வைகைக்கரை: அளந்துட்டுத்தான் போடச் சொல்வேன். வெந்நீர் மட்டும் விட்டா டெட் எண்டுக்கு, அதாவது தண்ணி ஓடாம தேங்குற குழாய் முனைக்கு, எட்டுமா?

பழையகை: எட்டாது. டெட் எண்டை அறுத்தெறியணும், ரெண்டு வைத்தியமும் அங்க செல்லாது.

குழாய்மேஸ்திரி: ஷவர் தலையைக் கழட்டி சிட்ரிக் ஆசிட்ல ஊறவைங்க. ஹைப்போவோட சேர்த்துராதீங்க, விஷ வாயு வரும். லைன் அலசும்போது சாரல் பறக்கக் கூடாது. ஷவர் தலை இல்லாத குழாய்ல ஹோஸ் மாட்டி நேரா தரை ஜாலிக்குள்ள விடுங்க. தங்கிப்போனவங்கள்ல யாருக்காச்சும் நிமோனியா வந்துச்சா?

மாட்டுத்தாவணி_லாட்ஜ்: தெரியலண்ணே. காயில் கருகிக் கிடந்துச்சு. 303 ஆறு மாசமா பூட்டிக் கிடக்கு, லைன் அங்கதான் முடியுது. சந்தன கலர்தான். மறு சாம்பிள் இன்னிக்கே எடுக்கலாமா?

வைகைக்கரை: வேண்டாம், ரெண்டு நாளாவது போகணும். குளோரின் போட்டிருந்தா பாட்டில்ல குளோரினை முறிக்கிற தயோசல்பேட் கேளுங்க. ரிசல்ட் வர பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் மூணாவது மாடியைக் குடுக்காதீங்க.

மாட்டுத்தாவணி_லாட்ஜ்: பத்து நாளா!! சரிண்ணே.