பகுதியை நீக்கும்போது வரும் போலித் தீர்வுகள்: விடைத்தாள்களில் பார்த்தவை

தெரியாத எண்ணை அ என்று வைத்துக்கொள்கிறேன். விடைத்தாள்களில் அடிக்கடி சறுக்கும் கணக்கு இது:

2/(அ−3) + 1/(அ+3) = 12/(அ²−9)

பகுதிகளின் (பின்னங்களின் கீழே இருப்பவற்றின்) மீச்சிறு பொது மடங்கு (அ−3)(அ+3). இருபுறமும் பெருக்கினால் 2(அ+3) + (அ−3) = 12, அதாவது 3அ + 3 = 12, அ = 3. கணக்கிட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அ = 3 என்றால் முதல் பின்னத்தின் பகுதியே பூச்சியமாகிவிடும்; ஆகவே 3 ஒரு போலித் தீர்வு, சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது. அந்த மதிப்பில் நாம் பெருக்கியது பூச்சியத்தால். பூச்சியத்தால் பெருக்கினால் சமமில்லாதவையும் சமமாகிவிடும். அதனால்தான் பெருக்குவதற்கு முன்பே, முதல் வரியிலேயே "அ ≠ 3, அ ≠ −3" என்று எழுதிவிட வேண்டும். பலர் 3 அ + 3 = 12 என்ற வரியில் விடையைச் சரிபார்க்கிறார்கள். அங்கே 3 பொருந்தத்தான் செய்யும். மூலச் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்.

---

இதே கணக்கில் அ²−9 ஐக் காரணிப்படுத்தாமல், மூன்று பகுதிகளின் பெருக்கற்பலனால் பெருக்குபவர்களும் உண்டு. அப்போது 3(அ−3)(அ²−9) = 0 என்ற முப்படி வரும்; −3 என்ற இன்னொரு போலித் தீர்வும் கூடவே முளைக்கும். முதலில் காரணிப்படுத்துங்கள், பிறகு பொது மடங்கு.

குறி மாறிய பகுதிகளிலும் இதே வீண்வேலை நடக்கிறது. அ/(அ−4) + 3/(4−அ) = 5 என்பதில் 4−அ = −(அ−4). ஒரே பகுதிதான்: அ − 3 = 5(அ−4), அ = 17/4.

---

பின்னமில்லாத உறுப்பைப் பெருக்காமல் விடுவதைத்தான் நான் மிகுதியாகத் திருத்துகிறேன். 4/(அ−1) + 1 = அ என்பதில் அந்த 1 உம் (அ−1) ஆக வேண்டும்: 4 + (அ−1) = அ(அ−1), அ²−2அ−3 = 0, அ = 3 அல்லது −1. இரண்டுமே பொருந்தும். 1 ஐ அப்படியே விட்டால் அ²−அ−5 = 0 வந்து காரணிப்படாமல் நிற்கும்.

தீர்வு தொலைவதும் உண்டு. 2அ/(அ+1) = அ/3 என்பது 6அ = அ(அ+1) ஆகிறது. இங்கே இருபுறமும் அ வை அடித்துவிட்டால் 5 மட்டும் மிஞ்சும், 0 போய்விடும். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து அ(அ−5) = 0 என்று எழுதுங்கள்.

---

"சுருக்குக" என்று கேட்டால் பகுதியைத் தூக்கி எறியக் கூடாது. சமக்குறி இருந்தால்தான் இருபுறமும் பெருக்க முடியும்; சமக்குறி இல்லாத கோவையில் பொதுப் பகுதி கடைசிவரை கீழேயே இருக்கும்.